உடுக்கை லூப்பில் 'டக்' சத்தம், புராஜெக்டை மூடினால் காணாமல் போகும் அன்டூ: என்ன செய்யலாம்?

வீசுகோல் (களியக்காவிளை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா வில்லுப்பாட்டில் உடுக்கை வாசிக்கிறவர். சித்திரைக் கொடை தொடங்குவதற்குள் அவர் வாசிப்பைப் பதிவு செய்து, புதிதாகக் கற்கிற பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பழக ஒரு ட்ராக் செய்து கொடுக்கவேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். உடுக்கை, குடம், ஜால்ரா மூன்றையும் கையடக்க ரெக்கார்டரில் தனித்தனியாக எடுத்தோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகள். எடிட் செய்வது ஆடாசிட்டியில்.

இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவது, எட்டு அடி கொண்ட ஒரு சுற்றை வெட்டி லூப்பில் ஓடவிட்டால், சுற்று முடிந்து திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம். குடத்தில் இன்னும் மோசம்.

இரண்டாவதுதான் கவலை. பின்னணி இரைச்சலைக் குறைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, முன்னும் பின்னும் வெட்டி, சேவ் செய்து மூடிவிட்டேன். மறுநாள் திறந்து கேட்டால் உடுக்கையின் கார்வையே செத்துக் கிடக்கிறது. கண்ட்ரோல் இசட் அடித்தால் ஒன்றும் நடக்கவில்லை. எடிட் மெனுவில் அன்டூ மங்கலாகக் கிடக்கிறது. பெரியப்பாவைத் திரும்ப உட்காரவைக்க இப்போதைக்கு வழியில்லை, கொடை முடியும்வரை ஊர் ஊராக அலைச்சல்தான். பழைய நிலைக்குப் போக ஏதாவது வழி உண்டா?

தாமிரபரணிக்கரை (குழித்துறை)

முதலில் பதறாதீங்க. ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்த அந்த வேவ் கோப்பு ஃபோல்டரில் அப்படியே இருக்கும், போய்ப் பாருங்க. ஆடாசிட்டியில் ஒரு கோப்பை இம்போர்ட் செய்தால் அதன் நகல்தான் புராஜெக்டுக்குள் போகிறது. நீங்க வெட்டியது, இரைச்சல் நீக்கியது எல்லாம் அந்த நகலில் நடந்தவை. அதே பெயரில் அதே இடத்தில் எக்ஸ்போர்ட் செய்து மேலெழுதியிருந்தால் மட்டுமே மூலம் போயிருக்கும்.

அன்டூ விஷயம் இப்படி. ஆடாசிட்டி திறந்திருக்கும்வரை ஹிஸ்டரி ஜன்னலில் நீங்க செய்த ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும், எந்தப் படிக்கு வேண்டுமானாலும் திரும்பலாம். புராஜெக்டை மூடிய உடனே அந்த வரிசை முழுக்க அழிந்துவிடும், கடைசி நிலை மட்டும்தான் மிஞ்சும். அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உங்க கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2021 அக்டோபரில் வந்த 3.1 பதிப்பிலிருந்து, கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக் குறைத்தால் அந்தப் பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை. மூடித் திறந்தாலும் ஓரத்தைத் திரும்ப வெளியே இழுத்தால் வந்துவிடும். செலக்ட் செய்து டிலீட் அடித்தால் அப்படி வராது. இரைச்சல் நீக்கமும் அந்த ரகம்தான், ஒலிக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். 3.2-லிருந்து ஈக்யூ, கம்ப்ரஸர் மாதிரிச் சிலவற்றை ட்ராக்கின் மேல் நிகழ்நேர எஃபெக்டாக வைக்கலாம். அவற்றை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். கார்வையைத் தொடும் எதையும் இந்த வழியில் வையுங்க.

வீசுகோல் (களியக்காவிளை)

கோப்பு இருக்கிறது அண்ணா! மூன்றும் அப்படியே இருக்கின்றன. உயிர் வந்தது. மூன்றையும் உடனே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் இருப்பதை ரீட் ஒன்லி ஆக்கிவிட்டேன்.

சரி, இனி அந்த 'டக்'. ஜீரோ கிராஸிங் பார்த்து வெட்டச் சொல்லி எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். செலக்ட் செய்து இசட் அழுத்தினேன். உடுக்கையில் கொஞ்சம் குறைந்தது, குடத்தில் குறையவே இல்லை.

நாலாம் காலம் (பாறசாலை)

நான் செண்டை வாசிக்கிறவன், வீட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் வசதி வைத்திருக்கிறேன். இந்தக் குடத்துச் சிக்கலை நல்லாவே தெரியும்.

அலை மேலும் கீழும் போய் வரும்போது நடுக்கோட்டைக் கடக்கும் இடம் ஜீரோ கிராஸிங். அங்கே வெட்டினால் மதிப்பு சட்டென்று தாவாது. ஆனால் அது பாதிக் கதைதான். முடிவில் அலை கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே கோட்டைக் கடக்கிறது, தொடக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே கடக்கிறது என்று வையுங்க. இரண்டும் பூஜ்யம்தான், ஆனாலும் ஒட்டும் இடத்தில் அலை உடைந்து திரும்பும், காது அதைப் பிடித்துவிடும். இரண்டு முனையும் ஒரே திசையில் கடக்கவேண்டும். ஸ்டீரியோவில் எடுத்திருந்தால் இன்னொரு தொல்லை: இடது பக்கம் பூஜ்யத்தில் இருக்கும்போது வலது பக்கம் எங்கோ இருக்கும்.

குடத்தில் ஏன் தீரவில்லை என்றால், அதன் அடிநாதம் மிகத் தாழ்ந்தது. 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஓர் அலை முடிய 12.5 மில்லி விநாடி ஆகும். ஒரு துண்டு குறையக் குறைய அடுத்தது ஏறும் கிராஸ்ஃபேடை 5 மில்லி விநாடிக்குப் போட்டால் அரை அலைகூட அதற்குள் அடங்காது. குடத்துக்கு 25, 30 மில்லி விநாடி வரை கொடுங்க. உடுக்கைக்கு 8, 10 போதும்.

கிராஸ்ஃபேடை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். லூப்பின் இரு முனையிலும் வெறும் ஃபேடு இன், ஃபேடு அவுட் போட்டால் 'டக்' போய்விடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விழும், முதல் அடியின் முகமே மழுங்கிவிடும். நான் செய்வது இது. சுற்றைச் சரியாக வெட்டிய பிறகு, நடுவில் அமைதியான ஓர் இடம் பார்த்து இரண்டாகப் பிளந்து, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வைக்கிறேன். இப்போது பழைய முடிவும் பழைய தொடக்கமும் கோப்பின் நடுவில் வந்து ஒட்டி நிற்கும். அங்கே, பின்னால் வைத்த துண்டின் இடது ஓரத்தை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தால், லூப் தொடங்குவதற்கு முன்னால் இருந்த ஒலி வெளிப்படும். அதை முந்தைய துண்டின் கடைசியோடு மேற்பொருத்திக் கிராஸ்ஃபேடு போடுங்க. மொத்த நீளம் மாறாது. புதிய தொடக்கமும் புதிய முடிவும் ஒரே வாசிப்பில் அடுத்தடுத்து இருந்த இடம் என்பதால் அங்கே உடைவதற்கு எதுவுமே இல்லை. பிறகு முதல் அடி எங்கே வரவேண்டுமோ அங்கிருந்து வாசிக்க வையுங்க.

இந்த வேலைக்கு ரீப்பர் என்ற எடிட்டிங் மென்பொருள் சுலபம், இரண்டு துண்டு மேற்பொருந்தினால் அதுவே கிராஸ்ஃபேடு போட்டுவிடும். ஓரத்தை இழுப்பதில் எதுவும் அழியாது.

பழைய டேப் (நாகர்கோவில்)

நாலாம் காலம் தம்பி சொன்ன கிராஸ்ஃபேடைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கால் அங்குல டேப்பில் நாங்கள் வெட்டி ஒட்டிய காலத்தில் பிளேடைச் செங்குத்தாக வைக்கமாட்டோம், டேப்பை வைத்து வெட்டும் ஸ்ப்ளைசிங் பிளாக்கில் 45 டிகிரி சாய்வாக ஒரு பள்ளம் இருக்கும், அதில் ஓட்டி வெட்டுவோம். டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர். 45 டிகிரியில் வெட்டினால் அந்த வெட்டு டேப்பின் நீளவாக்கிலும் அதே 6.35 மில்லிமீட்டர் நீளும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும்போது அது மெஷினின் வாசிப்புத் தலையைக் கடக்க ஏறத்தாழ 17 மில்லி விநாடி. அத்தனை நேரம் பழைய துண்டு குறைந்துகொண்டே போக, புதியது ஏறிக்கொண்டே வரும். கத்தியின் சாய்வே கிராஸ்ஃபேடு. ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் 33 மில்லி விநாடி. இன்றைக்கு நீங்கள் எண்ணில் போடும் அளவு அன்றைக்கு கைக்குள் இருந்தது.

அன்டூ கிடையாது. அதனால் மூல டேப்பில் யாரும் கத்தி வைக்கமாட்டோம், இன்னொரு மெஷினில் நகல் எடுத்து நகலை வெட்டுவோம். வெட்டி எடுத்த துண்டையும் எறியமாட்டோம், பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்போம். வேலை முடிந்து இயக்குநர் சரி சொல்லும்வரை அது அங்கே தொங்கும்.

லூப்பே டேப்பைவிடப் பழசு. 1948-ல் பிரெஞ்சு வானொலியில் பியர் ஷேஃபர் இசைத்தட்டில் வட்டமாக மூடிய பள்ளம் வெட்டி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, மனதில் பட்டதைச் சொல்கிறேன். வில்லுப்பாட்டில் உடுக்கை கதையோடு சேர்ந்து நடக்கிறது. புலவர் வரியை இழுத்தால் உடுக்கை காத்து நிற்கும், தெய்வம் வரும் இடத்தில் தாவும். எட்டு அடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டினால் பிள்ளைகள் கற்பது மெஷினோடு போவதை. மகளே, உங்கள் நோக்கம் நல்லது, அதனால்தான் சொல்கிறேன்.

எல்லைக்கல் (செங்கோட்டை)

இடையில் நுழைகிறேன். நான் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் வேலை செய்கிற ஆள். அதில் ஒலியை எடிட் செய்யும் எடிசன் ஜன்னலில் ஒரு ஒலித்துண்டை வெட்டினேன், பிறகு பாட்டை அடுக்கும் பிளேலிஸ்டில் வேறு சில வேலை பார்த்தேன். எடிசனில் வெட்டியதைத் திரும்பப் பெற கண்ட்ரோல் இசட் அடித்தால் பிளேலிஸ்டில் செய்தது போகிறது. வெட்டு அப்படியே இருக்கிறது. அதோடு சில கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் இசட் ஒரு படி மட்டும் போய், அடுத்த அழுத்தலில் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?

தாமிரபரணிக்கரை (குழித்துறை)

//கண்ட்ரோல் இசட் அடித்தால் பிளேலிஸ்டில் செய்தது போகிறது//

எடிசனுக்குத் தனி அன்டூ வரிசை. முதன்மை புராஜெக்டின் வரிசைக்கு அதைத் தெரியாது. எடிசன் ஜன்னலுக்குள் கிளிக் செய்துவிட்டு அங்கே அன்டூ கொடுங்க. ஒரு படி போய்த் திரும்புவது எஃப்.எல்.-இன் பழைய முறை: கண்ட்ரோல் இசட் கடைசிச் செயலை எடுக்கும், மறுபடி அழுத்தினால் வைக்கும், படிப்படியாகப் பின்னால் போக கண்ட்ரோல் ஆல்ட் இசட். ஜெனரல் செட்டிங்ஸில் மாற்று அன்டூ முறை என்று ஒரு தேர்வு இருக்கிறது, அது இந்த இரண்டையும் இடம் மாற்றும்.

பொதுவாகவே ஒலிக்கோப்பை எடிட் செய்யும் ஜன்னலும் பாட்டை அடுக்கும் ஜன்னலும் வேறு வேறாக இருக்கும் மென்பொருள்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளணும்: இப்போது நான் மாற்றுவது கோப்பையா, அந்தக் கோப்பை எப்படி வாசிக்கவேண்டும் என்ற குறிப்பையா? ரீப்பரில் ஒரே வேவ் கோப்பை முப்பது இடத்தில் போட்டாலும் வட்டில் இருப்பது ஒன்றுதான், முப்பதும் அதைச் சுட்டும் குறிப்புகள். ஒரு துண்டை வெட்டினால் மற்ற இருபத்தொன்பதும் அசையாது. ஆனால் அந்தக் கோப்பையே வெளி எடிட்டரில் திறந்து மாற்றி சேவ் செய்தால் முப்பதிலும் மாறிவிடும், ரீப்பரின் அன்டூவால் அதைத் திருப்ப முடியாது. எடிட்டரில் திறக்கும்போது நகலைத் திற என்று ஒரு கட்டளை உண்டு, அதையே பழக்கமாக்குங்க. க்யூபேஸ் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்கும், பல இடத்தில் இருக்கும் கிளிப்பை மாற்றப் போகிறாய், புதிய பதிப்பா அல்லது எல்லாவற்றிலும் மாற்றவா என்று. ஏபிள்டனில் கிராப், கன்சாலிடேட் இரண்டும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் புதிய கோப்பாகவே எழுதும்.

மூடித் திறந்தாலும் அன்டூ வேண்டும் என்றால் ரீப்பரில் முடியும். பிரிஃபரன்ஸஸில் அன்டூ பக்கத்தில், வரலாற்றைப் புராஜெக்டோடு சேர்த்துச் சேமி என்ற தேர்வைப் போட்டால் பக்கத்திலேயே தனிக் கோப்பாக எழுதிவைக்கும். திறக்கும்போது அதை ஏற்று என்ற தேர்வையும் சேர்த்துப் போடணும். அதே பக்கத்தில் பல ரீடூ பாதைகளை வைத்துக்கொள்ளும் தேர்வும் இருக்கிறது. சாதாரணமாகப் பத்துப் படி பின்னால் போய்ப் புதிதாக ஒன்று செய்துவிட்டால் அந்தப் பத்தும் தொலைந்துபோகும், இதில் அந்தக் கிளையும் நிற்கும். க்யூபேஸில் 9.5-லிருந்து வரும் டைரக்ட் ஆஃப்லைன் ப்ராஸஸிங் வேறு வகை: நீங்க போட்ட செயல்கள் பட்டியலாக நிற்கும், நடுவில் ஒன்றை மட்டும் எடுக்கலாம், மாற்றலாம், புராஜெக்டை மூடித் திறந்தாலும் இருக்கும். இரைச்சல் நீக்கத்தை மட்டும் தளர்த்தவேண்டும், வெட்டியது அப்படியே இருக்கவேண்டும் என்பவர்களுக்கு அதுதான் தேவை.

வீசுகோல் (களியக்காவிளை)

ரீப்பர் இறக்கினேன். குடத்தில் 'டக்' சுத்தமாகப் போய்விட்டது அண்ணாச்சி, நடுவில் பிளந்து மாற்றிவைக்கும் வழி அருமை. ஜால்ராதான் இன்னும் உறுத்துகிறது, கடைசி அடியின் ரீங்காரம் பட்டென்று அறுபடுகிறது. உடுக்கையில் வேறு சிக்கல்: சத்தம் ஒட்டுகிறது, ஆனால் சுற்று திரும்பும்போது சுருதி கீழே விழுகிறது.

பழைய டேப் ஐயா, நீங்க சொன்னதைப் பெரியப்பாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசினார். பிள்ளைகளுக்கு முதலில் கை நிற்கணும், அப்புறம்தான் கதையோடு நடக்கக் கற்றுக்கொடுக்கலாம், அதுவரை இது போதும் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடுக்க ஆள் இல்லாத வீடுகள்தான் இப்போது அதிகம்.

நாலாம் காலம் (பாறசாலை)

ஜால்ராவுக்கு: வாசிப்பின் முதல் சுற்றை எடுக்காதீங்க. அதன் தொடக்கத்துக்கு முன்னால் அமைதி. லூப் திரும்பும்போது கடைசி அடியின் ரீங்காரம் அந்த அமைதியில் போய் மோதி அறுபடும். இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றை எடுத்தால், அதன் முதல் அடிக்கு அடியில் முந்தைய சுற்றின் ரீங்காரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், ஒட்டு தெரியாது. ரிவர்ப் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யும்போதும் இதேதான், இரண்டு தடவை ஓடவிட்டு இரண்டாவதை எடுங்க.

உடுக்கைச் சுருதி கருவியின் இயல்பு. இடையில் இருக்கும் கயிற்றை இறுக்கினால் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். உங்க பெரியப்பா சுற்று முடியும் இடத்தில் பிடியை இறுக்கியிருப்பார், தொடக்கத்தில் தளர்வாக இருந்திருக்கும். பிட்ச் கரெக்‌ஷன் போட்டு நேராக்கினால் அந்த உறுமலே போய்விடும். பதிவு முழுக்கக் கேட்டு, இரண்டு சுற்றுகளில் கை ஒரே பிடியில் இருக்கும் இடம் தேடுங்க, ஒன்றின் அதே இடத்திலிருந்து மற்றொன்றின் அதே இடம்வரை வெட்டுங்க. அது எட்டு அடியாக இல்லாமல் முப்பத்திரண்டாக வந்தால் இன்னும் நல்லது.

வேகத்தையும் பாருங்க. 100 பி.பி.எம்.-இல், அதாவது நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், எட்டு அடிக்கு 4.8 விநாடி, 48 கிலோஹெர்ட்ஸில் 2,30,400 சாம்பிள் (ஒலி அளவீட்டுப் புள்ளி). அதே கை 104-க்கு ஏறினால் 4.615 விநாடி. நம்ம ஆட்கள் உற்சாகத்தில் ஏறத்தான் செய்வார்கள். நாங்க கேரளக் கோயில்களில் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தில் அந்த ஏற்றம்தான் மேளமே: முதல் காலம் (கட்டம்) 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறுகி, வேகம் ஏறிக்கொண்டே போகும். அதை எந்த இடத்தில் வெட்டி லூப் போட்டாலும் அது பஞ்சாரி இல்லை. உங்க வேலைக்கு, மென்பொருளின் சம இடைவெளித் தாளக் கோடுகளான கிரிட்டுக்குள் உடுக்கையை இழுத்து அடைக்கவேண்டாம். வெட்டிய பகுதியைச் செலக்ட் செய்து, இது இத்தனை அடி என்று ரீப்பரிடம் சொன்னால் அதுவே அதற்கேற்ற டெம்போவை வைக்கும். ஜால்ராவையும் குடத்தையும் உடுக்கைக்கு ஏற்ப நகர்த்துங்க.

பழைய டேப் (நாகர்கோவில்)

முப்பத்திரண்டு அடி என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த நீளத்தில் கையின் மூச்சு கொஞ்சம் தங்கும். பெரியப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவரையே கேட்டு, வேகம் குறைவாக ஒன்று, கதை ஓடும் வேகத்தில் ஒன்று, தெய்வத்தை வருவிக்கும் வருத்துப் பகுதிக்கு ஒன்று என்று மூன்று தனித்தனி வாசிப்பிலிருந்து எடுங்கள். ஒரே லூப்பை டைம் ஸ்ட்ரெச் செய்து, அதாவது மென்பொருளில் இழுத்து வேகம் மாற்றி, மூன்றாக்க வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போது உடுக்கையில் விரல் விழும் இடமே வேறு, மென்பொருளுக்கு அது தெரியாது.

வீசுகோல் (களியக்காவிளை)

மூன்று வேகமும் பதிவிலேயே இருக்கிறது ஐயா, தேடி எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு அடியில் சுருதி விழுவது தெரியவே இல்லை.

கடைசியாக ஒன்று. எம்.பி.3 ஆக்கிப் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். என் கம்ப்யூட்டரில் ஒட்டாகப் போனது, அவர்கள் போனில் ரிப்பீட்டில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சின்ன இடைவெளி விழுகிறதாம். ரீப்பரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

தாமிரபரணிக்கரை (குழித்துறை)

அது எம்.பி.3-இன் வேலை. அந்த வடிவம் ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடைக்கும், கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் அமைதியைப் போட்டு நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் அமைதி சேரும். லூப் கோப்பை ஒருபோதும் எம்.பி.3 ஆக்கக்கூடாது. வேவ் அல்லது ஃப்ளாக். வாட்ஸ்ஆப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்க, கோப்பு மாறாமல் போகும்.

ஆனால் வேவ் ஆனாலும் எல்லாப் போன் பிளேயரும் இடைவெளி இல்லாமல் சுற்றும் என்று நம்பவேண்டாம். பிள்ளைகள் பழகத்தானே, அந்த முப்பத்திரண்டு அடி வேவ் கோப்பை ரீப்பரில் போட்டு, வலது ஓரத்தைப் பிடித்து இருபது நிமிடத்துக்கு இழுத்துவிடுங்க, அதுவே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். அதை ஒரே நீளக் கோப்பாக ரெண்டர் செய்தால் எம்.பி.3-ஆகவே கொடுக்கலாம், ஒட்டு எல்லாம் உள்ளேயே இருக்கும். முன்னால் நாலு அடி தாளக்கட்டை மட்டும் வையுங்க, பிள்ளைகள் சேர்ந்து தொடங்க வசதி.

வீசுகோல் (களியக்காவிளை)

இன்றைக்கு ராத்திரியே செய்கிறேன் அண்ணா. தாளக்கட்டையை நாளைக்கு மாமா வீட்டில் எடுத்துச் சேர்க்கணும். மூன்று வேகத்துக்கும் மூன்று கோப்பு, வேவ் தனியாகவும் வைக்கிறேன். செங்கோட்டை, பாறசாலைப் பக்கம் வில்லுப்பாட்டு கற்கும் பிள்ளைகள் இருந்தால் இங்கேயே சொல்லுங்க, பெரியப்பா தாராளமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.